பாட்டுக்குக் கீழே ஒரு பாட்டு: பரோக் இசையில் குரலும் செல்லோவும்

(ஒலி: செல்லோ தனியாக, சில நொடிகள். பிறகு சோப்ரானோ, அதாவது மேல்ஸ்தாயிப் பெண் குரல், சேர்கிறது.)

இப்போது நீங்கள் கேட்டது, ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் 1725இல் லைப்சிக் நகரத் தேவாலய வழிபாட்டுக்காக எழுதிய ஒரு பாட்டின் தொடக்கம். பாடகி வாய் திறப்பதற்கு முன்பே, வயலின் குடும்பத்தைச் சேர்ந்த, தாழ்ந்த சுரங்களில் ஒலிக்கும் செல்லோ பாட ஆரம்பித்துவிடுகிறது. அவர் பாடத் தொடங்கிய பிறகும் அது அடங்கவில்லை. இந்தப் பாட்டின் உயிர் கீழே ஓடும் அந்த செல்லோவில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்குக் காரணம் சொல்ல, நூறு வருடத்துக்கும் மேல் பின்னால் போக வேண்டும்.

(திரையில்: இத்தாலி வரைபடம், ஃபிளாரன்ஸ்.)

1600ஐ ஒட்டிய ஃபிளாரன்ஸ். நாலைந்து குரல்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாடும் முறையில் சொல்லே காதில் விழுவதில்லை என்று அங்கே சிலருக்கு மனக்குறை. பாட்டில் சொல் புரிய வேண்டும், சொல்லின் உணர்ச்சி தைக்க வேண்டும் என்றார்கள். ஜூலியோ கச்சீனி 1602இல் வெளியிட்ட பாடல் தொகுப்பைத் திறந்தால் தாளில் இரண்டே வரிகள்தான். மேலே பாட்டு, கீழே அடிவரி, அதாவது தாழ்ந்த சுரங்களின் வரி. அடிவரியோடு சில எண்கள். அந்த எண்களைப் பார்த்து எந்தச் சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வேண்டும் என்று வாசிப்பவரே அந்த இடத்தில் முடிவு செய்வார். இதற்குப் பெயர் பாஸோ கன்டினுவோ. பரோக் இசை, அதாவது சுமார் 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசை, ஏறக்குறைய முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

எண்களுக்கான சுரங்களைப் பெரும்பாலும் ஹார்ப்சிகார்ட் என்ற, பியானோவுக்கு முந்திய விசைப்பலகை வாத்தியம் வாசித்தது. ஆனால் அதில் தந்தி சுண்டப்படுகிறது, பிறந்த நொடியிலேயே ஒலி தேய ஆரம்பித்துவிடும். அடிச்சுரம் நின்று ஒலிக்க வேண்டுமென்றால் வில் போட்டு இழுக்கும் வாத்தியம் ஒன்று கூடவே வேண்டும். அந்த இடத்துக்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்ததுதான் செல்லோ.

இது பின்னணி வேலைதானே என்று நினைத்துவிட வேண்டாம். பாடகர் எங்கே மூச்சு எடுப்பார், எந்தச் சொல்லை நீட்டுவார், எங்கே சட்டென்று நிறுத்துவார், எல்லாம் அடிவரி வாசிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பாடகர்களின் வாயைப் பார்த்தே வாசித்த வாத்தியம் இது. பாடுவது எப்படி என்று அது கற்றுக்கொண்டது அங்கேதான்.

சரி, அடித்தளத்திலிருந்து அது முன்னால் வந்தது எப்படி? பாதிக் காரணம் தந்தியில் இருக்கிறது.

(திரையில்: இரண்டு தந்திகள் அருகருகே. ஒன்று வெறும் குடல் தந்தி, இன்னொன்று மெல்லிய உலோகக் கம்பி சுற்றியது.)

அந்தக் காலத் தந்திகள் ஆட்டுக் குடலில் முறுக்கியவை. கீழ்ச்சுரம் வேண்டுமென்றால் தந்தி கனமாக இருக்க வேண்டும். குடலை மட்டும் வைத்துக் கனமாக்கினால் தந்தி தடித்து விறைத்துப்போகும், ஒலி மங்கும். அதைச் சமாளிக்க வாத்தியத்தையே பெரிதாகச் செய்தார்கள். பெரிய வாத்தியத்தில் விரல்கள் வேகமாக ஓட முடியாது. 17ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில், குடலின் மேல் உலோகக் கம்பி சுற்றும் வழக்கம் வந்தது. தந்தி மெலிந்தது, கனம் குறையவில்லை. வாத்தியம் சிறிதாகலாம், விரல்கள் ஓடலாம். இத்தாலியின் போலோனியா நகரில், சான் பெத்ரோனியோ தேவாலயத்தில் செல்லோ வாசித்த தொமேனிகோ கப்ரியெல்லி, 1689இல் துணையே இல்லாமல் தனி செல்லோவுக்கு இசை எழுதினார். தன் ஓபரா (இசை நாடக) பாடல்களிலும் குரலோடு உரையாடும் செல்லோவை வைத்தார்.

இங்கே ஒரு கதையைச் சொல்லியே ஆக வேண்டும். நேப்பிள்ஸ்காரர் பிரான்செஸ்கோ அல்போரியா; பிரான்சிஸ்கெல்லோ என்றால்தான் ஊருக்குத் தெரியும். ரோமில் நிக்கோலினி என்ற புகழ்பெற்ற பாடகருக்கு அவர் செல்லோ வாசிக்கிறார். பாட்டு அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கார்லாத்தி எழுதியது, ஹார்ப்சிகார்டில் இருப்பதும் அவரே. வாசிப்பைக் கேட்ட ஸ்கார்லாத்தி, இது மனிதன் வாசிப்பதல்ல, ஒரு தேவதூதன் இவர் உருவில் வந்திருக்கிறான் என்றாராம். வயலின் மேதை ஜெமினியானி சொல்லக் கேட்டதாக, ஆங்கில இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி இதை எழுதி வைத்திருக்கிறார்.

இனி பாக்கிடம் வருவோம்.

1713இல் ஒரு பிரபுவின் பிறந்தநாளுக்கு அவர் ஒரு வேட்டை கான்டாட்டா எழுதினார்; குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்து பாடும் பாடல் தொடர்தான் கான்டாட்டா. அதில் ஆட்டு மந்தைகளைப் பற்றி சோப்ரானோ பாடும் ஒரு சிறு பாட்டு. துணைக்கு அடிவரி மட்டும். அந்த அடிவரி துள்ளித் துள்ளி ஓடும். பன்னிரண்டு வருடம் கழித்து, கவிஞர் கிறிஸ்தியானா மரியானா ஃபான் சீக்லர் எழுதிய வரிகளுக்கு மெட்டுத் தேவைப்பட்டபோது பாக் அதை மறுபடி கையில் எடுத்தார். எதை வைத்துக்கொண்டார் என்று பாருங்கள். பாடகியின் பழைய மெட்டை விட்டுவிட்டார். அந்த அடிவரியை வைத்துக்கொண்டு, மேலும் இழைத்து, சிறிய வகை செல்லோவான வயலோன்செல்லோ பிக்கோலோவிடம் கொடுத்தார். அதற்கு மேலே குரலுக்குப் புது மெட்டு எழுதினார். “நம்பும் என் நெஞ்சே, மகிழ்ந்திரு, பாடு, விளையாடு” என்பது, தொடக்கத்தில் நீங்கள் கேட்ட அந்தப் பாட்டின் பொருள். அந்த விளையாட்டு முதலில் செல்லோவில் நடக்கிறது, பிறகுதான் குரலுக்கு வருகிறது.

அப்புறம் இன்னொன்றும் செய்தார். பாடகி முடித்த பிறகும் இசை நிற்பதில்லை. வயலினும் ஓபோ என்ற ஊதுகுழலும் வந்து சேர்ந்து, செல்லோவின் மெட்டை வாங்கிக்கொண்டு நெடுநேரம் ஓடுகின்றன. பாடகி நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

(திரையில்: லண்டன், 1739.)

பாக்கின் காலத்து இன்னொரு பெரிய இசையமைப்பாளரான ஹேண்டல் வேறு வழியில் போனார். இசையின் காவல் புனிதரான செசீலியாவின் நாளுக்காக, ஆங்கிலக் கவிஞர் டிரைடன் எழுதிய கவிதைக்கு அவர் இசையமைத்தார். அதில் ஒரு காட்சி. பைபிளில் இசைக்கலைஞர்களின் முன்னோடியாக வரும் யூபால், தந்தி பூட்டிய ஆமை ஓட்டுக் கூட்டை மீட்டுகிறான். சுற்றி நின்ற சகோதரர்கள் திகைத்துத் தரையில் விழுந்து வணங்குகிறார்கள். இந்தக் கூட்டுக்குள் தெய்வமே குடியிருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அந்தக் கூட்டின் குரலாக ஹேண்டல் தேர்ந்தெடுத்தது செல்லோவை. பாட்டு தொடங்குவதே செல்லோவில்தான், அவசரமே இல்லாமல். சோப்ரானோ, இசையால் எழுப்ப முடியாத உணர்ச்சி உண்டா என்று கேட்டபடி உள்ளே வருகிறார்.

இரண்டு பாட்டையும் இன்றே கேளுங்கள். முதல் தடவை பாடகியை விட்டுவிட்டு செல்லோவை மட்டும் பின்தொடருங்கள். முடிந்தால் குடல் தந்தியில் வாசித்த பதிவாகத் தேர்ந்தெடுங்கள். அதில் வில் தந்தியைத் தொடும் உரசல், பாடகரின் மெய்யெழுத்து உச்சரிப்புப் போலவே கேட்கும்.