பத்து இல்லை, ஐந்து

நண்பர்களே, தீனித்தட்டுக்கு வரும் பறவைகளை எண்ணுவது பற்றி ஒரு சின்னக் கணக்கு. தீனித்தட்டுக்குக் காலையில் மூன்று குருவிகள் வந்தன. அவை போய்ப் பத்து நிமிடம் கழித்து ஐந்து ஒன்றாக வந்தன. அப்புறம் மதியம் இரண்டு. மொத்தம் எத்தனை? (கூட்டத்தில் "பத்து" என்று குரல்கள்.) கணக்கெடுப்புத் தாளில் எழுத வேண்டியது ஐந்து; ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கை.

காலையில் வந்த குருவியே மதியமும் வந்ததா, நமக்குத் தெரியாது. ஆனால் ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட ஐந்தும் ஐந்து வேறு குருவிகள்தான். அதில் சந்தேகமே இல்லை. 1976-ல் கனடாவின் ஒன்டாரியோவில் தொடங்கி, 1987 முதல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் சேர்ந்து வட அமெரிக்கா முழுக்க நடத்திவரும் ஃபீடர்வாட்ச் என்ற தீனித்தட்டுப் பறவைக் கணக்கெடுப்பு இந்த விதியில்தான் ஓடுகிறது. பிரிட்டனில் ஜனவரிக் கடைசியில் தோட்டத்துப் பறவைகளை ஒரே ஒரு மணி நேரம் எண்ணுகிறார்களே, அங்கேயும் இதே விதிதான்.

உண்மையான எண்ணிக்கையைவிட இது குறைவாயிற்றே என்பீர்கள். குறைவுதான், இருக்கட்டும். எல்லோரும் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி எண்ணினால் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். ஆசைப்பட்டுக் கூட்டி எழுதினால்தான் கெடும்.

1994 தொடக்கத்தில் வாஷிங்டன் நகரை ஒட்டிய பகுதிகளில், தட்டுக்கு வந்த ஹவுஸ் ஃபிஞ்ச் குருவிகளுக்குக் கண் வீங்கிப் பொருக்குத் தட்டியிருந்ததைச் சிலர் கவனித்தார்கள். கோழிகளிடம் காணப்படும் மைக்கோபிளாஸ்மா கிருமிதான் காரணம். கார்னெல் ஆய்வகம் தட்டு வைத்திருந்தவர்களிடம் விவரம் கேட்டது. சில ஆண்டுகளிலேயே வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி முழுக்க நோய் பரவிய விதத்தை அவர்கள் எழுதி அனுப்பிய தாள்கள்தான் காட்டின. எனக்கு இதில் பிடித்தது, "எங்கள் தட்டில் நோய்க்குருவி இல்லை" என்று எழுதியவர்களைத்தான். அந்தச் சலிப்பூட்டும் வரி இல்லாவிட்டால் நோய் எந்த எல்லை வரை வந்திருக்கிறது என்று வரைபடத்தில் கோடு போட்டிருக்கவே முடியாது. ஒன்றுமே வராத நாளிலும் பூஜ்யம் என்று எழுதச் சொல்வது அதனால்தான்.

சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நோய் பரவ உதவியதில் தட்டுக்கும் பங்கு உண்டு. பல பறவைகள் ஒரே விளிம்பில் முகம் உரசுகின்றன அல்லவா? பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தட்டைக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். நோய்ப்பறவை வந்தால் தட்டைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிடுங்கள். எடுத்த தேதியையும் தாளில் குறித்துவிடுங்கள்.