கடைக்காரர் எடுத்துக் கொடுத்த நாவல்

நேயர்களுக்கு வணக்கம்.

புத்தகக் கடைக்குள் நுழைந்ததும் "என்ன வேணும்?" என்று கேட்கிற கடைகள் உண்டு. "கடைசியா என்ன படிச்சீங்க?" என்று கேட்கிற கடைகளும் உண்டு. எனக்குப் பிரியமானவை இந்த இரண்டாவது வகைக் கடைகள். பெரும்பாலும் சின்னக் கடையாகத்தான் இருக்கும். முதலாளி ஒருவர், உதவிக்கு ஒரு பையனோ பெண்ணோ, சுவர் முழுக்க அலமாரி. வந்த புத்தகத்தையெல்லாம் அவரே பிரித்து அடுக்குவார், மதியம் கூட்டமில்லாத நேரத்தில் அதிலேயே ஒன்றை எடுத்துப் படித்துக்கொண்டிருப்பார்.

நாவல் வாங்குவதற்கு இப்படி ஒருவர் தேவைப்படுகிறார். சமையல் புத்தகமோ போட்டித் தேர்வுக் கையேடோ வாங்கப் போகிறவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியும். நாவல் விஷயம் அப்படியில்லை. எந்தப் புத்தகத்தைத் திருப்பினாலும் பின்னட்டையில் அதைப் பாராட்டித்தான் எழுதியிருக்கும். இணையத்தில் நட்சத்திரம் போடுகிறவர் யாரென்றே நமக்குத் தெரியாது. கடைக்காரர் அப்படியல்ல. அவர் கொடுத்தது பிடிக்கவில்லையென்றால் அடுத்த மாதம் நேரில் போய்ச் சொல்லலாம். அது அவருக்கும் தெரியும். அதனால் யோசித்துத்தான் கொடுப்பார்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கடையில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாங்கம் வாங்க ஒரு பெரியவர் வந்தார். கடைக்காரர் சில்லறை எடுத்தபடியே, "அய்யா என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவராம். லஸ்கர் என்றால் கிராமத்து நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். குளத்தில் மடை திறப்பது, அடைப்பது, கரையைப் பார்த்துக்கொள்வது இவையெல்லாம் அவர் பொறுப்பு. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் சோ. தர்மனின் 'சூல்' நாவலை எடுத்து வந்தார். அப்போது அதற்குச் சாகித்திய அகாதெமி விருது வந்திருக்கவில்லை, விருது வந்தது 2019இல்தான். "வாங்க வேண்டாம் அய்யா. இந்த ஸ்டூல்ல உக்காந்து நாலு பக்கம் பாருங்க" என்றார்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நாலு பக்கம் நாற்பது பக்கமாகியிருக்கும். அந்த நாவல் உருளைக்குடி என்ற கரிசல் ஊரின் கண்மாயைப் பற்றியது. ஊரே சேர்ந்து காப்பாற்றிய கண்மாய், சுதந்திரத்துக்குப் பிறகு கவனிப்பாரில்லாமல் போகிற கதை. அடுத்த முறை நான் போனபோது பெரியவர் அதே ஸ்டூலில் உட்கார்ந்து கடைக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார். "மடையைப் பத்தி இப்படி எழுதணும்னா அதுல இறங்கி நின்னிருக்கணும் தம்பி" என்றார். உருளைக்குடி அந்த எழுத்தாளரின் சொந்த ஊரேதான் என்று கடைக்காரர் சொன்னதும் பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்குமுன் அவர் நாவலே படித்ததில்லையாம். பஞ்சாங்கம் வாங்க வந்தவர், நேயர்களே.

கடைக்காரருக்கு இரண்டு பேரைத் தெரிய வேண்டும் என்று நான் சொல்வதுண்டு. எழுத்தாளரைத் தெரிய வேண்டும், எதிரே நிற்கிறவரையும் தெரிய வேண்டும். இமையத்தின் 'செல்லாத பணம்' அண்மைக்கால நாவல்களில் நான் மிகவும் மதிப்பது. தீக்காயம் பட்ட ஒரு பெண்ணும், ஜிப்மர் மருத்துவமனையில் அவளுக்காகக் காத்துக் கிடக்கிற குடும்பமும். பணம் இருக்கிறது, ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா அதைக் கையில் எடுத்தபோது, "இது இப்ப வேணாம்மா, ஆறு மாசம் போகட்டும்" என்று ஒரு கடைக்காரர் திரும்ப வாங்கி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். விற்க வேண்டியவரே வேண்டாம் என்கிறார். அவர் வேறு ஒன்றைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

இதெல்லாம் புதிது அல்ல. சென்னை ரங்கநாதன் தெருவில் எழுத்தாளர் மா. அரங்கநாதன் நடத்திய 'முன்றில்' கடை, துணியும் பாத்திரமும் வாங்கும் கூட்டத்துக்கு நடுவே இலக்கியம் பேசுகிற இடமாக இருந்தது. கோவை ராஜவீதிக்குப் போனால் விஜயா பதிப்பகத்தின் புத்தகக் கடை இருக்கிறது.

சரி, கொஞ்சம் வெளிநாட்டுக்கும் போய் வருவோம். ஜப்பானில் 2004 முதல் ஒரு பரிசு தருகிறார்கள். புத்தகக் கடைகளில் வேலை பார்ப்பவர்கள்தான் அதற்கு வாக்களிக்கிறார்கள். எழுத்தாளர், பேராசிரியர் என்று நடுவர் குழு கிடையாது. முதல் சுற்றில் ஆளுக்கு மூன்று புத்தகம் சொல்லலாம். அதில் முந்தி வருகிற பத்தையும் படித்துவிட்டுத்தான் இரண்டாம் சுற்றில் வாக்களிக்க வேண்டும், ஏன் பிடித்தது என்றும் எழுத வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்கள், வீட்டுக்குப் போய்ப் பத்து புத்தகம் படிக்கிறார்கள்! முதல் ஆண்டு வென்றது யோகோ ஒகாவாவின் நாவல். எண்பது நிமிடத்துக்கு மேல் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத கணிதப் பேராசிரியர், அவர் வீட்டில் வேலை செய்யும் பெண், அவளுடைய மகன், இந்த மூவரின் கதை. அங்கே கடை ஊழியர்கள் தாங்களே கையால் ஒரு அட்டையில் நாலு வரி எழுதிப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைக்கிற வழக்கமும் உண்டு. நம் கடைகளில் இதை நாளைக்கே தொடங்கலாம். ஒரு பழைய காலண்டர் அட்டையும் பேனாவும் போதும்.

அப்புறம், விலையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். பதிப்பகம் விலையில் குறைத்துத் தருகிற கழிவில்தான் சின்னக் கடைக்காரர் வாடகையும் மின்கட்டணமும் ஆள் சம்பளமும் பார்க்க வேண்டும். இணையத்தில் பெரிய நிறுவனம் தரும் தள்ளுபடியை அவரால் தர முடியாது. பிரான்சில் 1981இலேயே சட்டம் போட்டார்கள், புதுப் புத்தகத்துக்கு யாரும் 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது என்று. இங்கேயும் அதைப் பற்றிப் பேச வேண்டும். கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கேயே நின்று கைபேசியில் வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஈழத்து நாவல்களையும் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன், அதற்கு இன்று வழியில்லை. முடிக்கும் முன் நம் ஊர் நாவல் ஒன்றின் பெயரை மட்டும் சொல்லிவிடுகிறேன். தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. கொங்கு நாட்டில் ஒரு நாவிதர் இறந்துபோக, உறவுகள் கூடுகிற கதை. சிறிய புத்தகம்தான், 2023இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. உங்கள் ஊர்க் கடையில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள், தருவார்கள். படித்த பிறகு பிடித்ததா இல்லையா என்று கடைக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள், அடுத்த நாவலை அவர் அதை வைத்துத்தான் எடுப்பார். நன்றி, வணக்கம்.