மருதம்பட்டைப் பொட்டலமும் மாத்திரை அட்டையும்

நேயர்களுக்கு வணக்கம். போன மாதம் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே இளஞ்சிவப்பாக, மரத்தூள் போல ஒரு பொடி. "மருதம்பட்டைங்க டாக்டர். இதைக் குடிக்க ஆரம்பிச்சதும் நெஞ்சு லேசா இருக்கு. மாத்திரையெல்லாம் நிறுத்திட்டேன்" என்றார். எனக்குப் பகீரென்றது.

மருதம் நமக்குப் புதிய மரம் இல்லை. ஆற்றங்கரையில் வெளிர்ந்த பட்டையோடு ஓங்கி நிற்கும். திருவிடைமருதூர்க் கோயிலின் தலமரம் அதுதான். பட்டையைத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் சாறு சிவந்து வரும். வாயில் வைத்தால் நாக்கை இழுக்கும் துவர்ப்பு. நெஞ்சு நோய்க்கு இதைக் கொடுப்பது பழைய ஆயுர்வேத ஆசிரியர் வாக்பட்டர் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

ஆய்வும் நடந்திருக்கிறது. 1995இல் வெளியான ஒன்றில், மருந்துக்கு அடங்காத இதயச் செயலிழப்பு உள்ள 12 பேருக்கு, 8 மணி நேரத்துக்கு ஒரு முறை 500 மில்லிகிராம் பட்டைச் சத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல பலன் தெரிந்தது. ஆனால் 12 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. பின்னால் தில்லி எய்ம்ஸில் 100 நோயாளிகளிடம் 12 வாரம் சோதித்தபோது, இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன் கூடவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: இந்த இரண்டிலும் பட்டையைக் கொடுத்தது வழக்கமான மருந்துகளோடு சேர்த்துத்தான்.

ஸ்டென்ட் என்பது குழாய்க்குள் வைத்த உலோக வலை. அதன் மேல் ரத்தம் உறையாமல் காப்பவை ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும். அவற்றைத் திடீரென்று நிறுத்தினால், வலைக்குள்ளேயே ரத்தம் கட்டி மாரடைப்பு வரலாம். நெஞ்சு லேசாக இருப்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

"மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்களிடம் நான் மஞ்சள் அரளியைத்தான் சொல்வேன். அதன் விதை இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். அதுவும் செடிதான். இதய நோய்க்குத் தரும் டிஜாக்சின்கூடச் செடியிலிருந்து வந்ததுதான். அதில் மருந்து அளவுக்கும் நஞ்சு அளவுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. அதனால் அளவு முக்கியம், கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். கடையில் வாங்கும் பொடியில் பட்டை எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

சரி, அந்தப் பெரியவரை நான் திட்டவில்லை. டாக்டர் கோபிப்பார் என்று பயந்து பொட்டலத்தை மறைப்பவர்கள்தான் அதிகம். இவர் கொண்டுவந்து காட்டினாரே! அன்றே மாத்திரைகளை மறுபடி ஆரம்பித்தோம். கஷாயத்தைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கச் சொன்னேன். அப்புறம் போன வாரம் வந்தார். அதே மஞ்சள் பை. இந்த முறை மாத்திரை அட்டையை முதலில் எடுத்து வைத்தார், காலியான குழிகளை நான் எண்ணிப் பார்க்கட்டும் என்று.