நைஜீரியாவிலிருந்து பப்புவா நியூ கினி வரை: உல்லி பையர்

நண்பர்களே, வணக்கம்.

நைஜீரிய எழுத்தாளர்களான வோலே சோயிங்காவையும் கிறிஸ்டோபர் ஒகிக்போவையும் இன்று உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். இவர்கள் இளைஞர்களாக இருந்தபோது உள்ளூரிலேயே இவர்களுடைய எழுத்தைப் புத்தகமாக்க முன்நின்றவர் யார்? அவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

உல்லி பையர் 1922இல் ஜெர்மனியில் பிறந்தவர். தந்தை யூத மருத்துவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் குடும்பம் பாலஸ்தீனத்துக்குப் போய்விட்டது. பையர் லண்டனில் பேச்சு ஒலியியல் படித்துவிட்டு, 1950இல் நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். கல்லூரி ஆப்பிரிக்காவில் இருந்ததே தவிர, பாடமெல்லாம் இங்கிலாந்துப் பாடம். அவருக்கு அது பிடிக்கவில்லை. வளாகத்துக்கு வெளியே வகுப்பெடுக்கும் முதியோர் கல்விப் பிரிவுக்கு மாறிக்கொண்டு எடே, இலோபு, ஒசோக்போ என்று அந்நாட்டின் யொரூபா இன மக்கள் வாழும் ஊர்களிலேயே குடியிருந்தார். அரசர்களோடும் பூசாரிகளோடும் பழகினார், திருவிழாக்களுக்குப் போனார், பாடல்களைத் தொகுத்து மொழிபெயர்த்தார்.

1957இல் ஜெர்மன் எழுத்தாளர் ஜான்ஹைன்ஸ் யானுடன் சேர்ந்து ‘பிளாக் ஓர்ஃபியஸ்’ என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார். 1961இல் சோயிங்கா, ஒகிக்போ, ஜே. பி. கிளார்க், அச்சிபே, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த ம்பஹ்லேலே ஆகியோரோடு இபாதானில் ம்பாரி என்ற எழுத்தாளர், கலைஞர் மன்றம் உருவானது. முன்பு லெபனானியர் ஒருவரின் உணவகமாக இருந்த இடம் அது. அங்கே நாடகம் போட்டார்கள், ஓவியம் மாட்டினார்கள், புத்தகமும் போட்டார்கள். ஒகிக்போவின் முதல் கவிதைத் தொகுப்பு 1962இல் ம்பாரி வெளியீடாகத்தான் வந்தது. தென்னாப்பிரிக்க அரசின் கெடுபிடியில் இருந்த அலெக்ஸ் லா குமாவின் முதல் புத்தகமும் அதே ஆண்டு அங்கிருந்தே வெளியானது. கேப் டவுன் எழுத்தாளரின் புத்தகம் லண்டனுக்குப் போகாமல் இன்னொரு ஆப்பிரிக்க நகரத்திலேயே அச்சாகிறது என்றால், அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம்!

எனக்கு இதைவிடவும் நெருக்கமானது ஒசோக்போ. துரோ லடிப்போ என்ற பள்ளி ஆசிரியர் தேவாலய இசையில் யொரூபா முரசைச் சேர்த்தார். சபையில் எதிர்ப்பு கிளம்பியது. பையர் அவர் பக்கம் நின்றார். 1962இல் லடிப்போவின் இடத்திலேயே ம்பாரி ம்பாயோ என்ற மன்றம் பிறந்தது. இரண்டே ஆண்டில் அவருடைய நாடகக் குழு பெர்லின் விழா மேடையில் ஆடியது.

அங்கே 1964இல் பையரின் மனைவி ஜார்ஜினா ஓவியப் பட்டறை நடத்தினார். வந்தவர்களில் பலர் கலைப் பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள். ஒருவர் ஊர் ஊராக மருந்து விற்பவரோடு போய், கூட்டம் சேர்க்க நடனமாடிக்கொண்டிருந்த இளைஞர். மன்றத்துக்கு வந்து ஆடியவரைப் பிடித்து நிறுத்தித் தாளும் பேனாவும் கொடுத்தார்கள். அவர்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ட்வின்ஸ் செவன் செவன். இப்படி வரை, இந்தக் கோணத்தில் பார் என்று ஜார்ஜினா பாடம் நடத்தவில்லை. ஒவ்வொருவர் கைக்கும் எது வருகிறதோ, அதைக் கண்டுபிடித்து அந்த வழியில் போகவிட்டார். அந்தப் பட்டறையிலிருந்து வந்த ஜிமோ புரைமோ மணிகளைப் பதித்தே ஓவியம் செய்தார்.

1966இல் நைஜீரியா கலவர பூமியானபோது பையர் தம்பதி கிளம்பினார்கள். அடுத்தது பப்புவா நியூ கினி. ஆஸ்திரேலிய ஆட்சியில் இருந்த அந்த நாட்டில் பல்கலைக்கழகமே அப்போதுதான் தொடங்கியிருந்தது. பையர் அங்கே படைப்பிலக்கிய வகுப்பு எடுத்தார். சிறு கவிதை நூல் வரிசை ஒன்றையும், 1969இல் ‘கோவாவே’ என்ற இதழையும் தொடங்கினார். ஆல்பர்ட் மவோரி கிக்கி தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல ஒலிநாடாவில் பதிந்து, 1968இல் அது புத்தகமாக வந்தது. கிக்கி பிற்பாடு துணைப் பிரதமரானார். நாட்டின் முதல் நாவலை 1970இல் எழுதிய வின்சென்ட் எரி பின்னர் தலைமை ஆளுநரானார். விடுதலைக்குச் சில ஆண்டுகள் முன்பு பேனா பிடித்த கைகள் இவை.

சரி, பையரிடம் குறையே இல்லையா? இருக்கிறது. ஒபோதுண்டே இஜிமேரே என்ற யொரூபாப் பெயரில் அவரே நாடகங்கள் எழுதினார். உள்ளூர் எழுத்தாளர் என்று நம்பிப் படித்தவர்கள் பலர். பப்புவாவிலும் இப்படி ஒரு உள்ளூர்ப் பெயரை வைத்துக்கொண்டார். எழுதுவோருக்குத் தூண்டுதலாக இருக்கட்டும் என்ற எண்ணம் இருந்திருக்கலாம். ஆனாலும் என்னால் இதை ஏற்க முடியவில்லை. அடுத்தவர் குரல் கேட்கட்டும் என்று பாடுபட்டவர், அந்தக் குரலின் இடத்தில் தானே போய் நின்றிருக்க வேண்டாம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ம்பாரிக்கும் ‘பிளாக் ஓர்ஃபியஸ்’ இதழுக்கும் உதவிய ‘காங்கிரஸ் ஃபார் கல்ச்சுரல் ஃப்ரீடம்’ அமைப்புக்குப் பின்னால் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ இருந்தது பிற்பாடு அம்பலமானது. அதனால் அந்தக் கவிதைகள் பொய்யாகிவிடவில்லை என்பது என் கருத்து. ஒகிக்போவின் வரிகளைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பப்புவாவில் அந்த எழுத்து வேகம் அப்புறம் தணிந்துபோனது உண்மைதான். ஓவியம் தணியவில்லை. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் துப்புரவுப் பணியாளராக இருந்த மத்தியாஸ் கவாகே, 1969இல் ஆகிஸ் என்ற தன் நாட்டுக்காரரின் ஓவியக் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத் தானும் வரைய ஆரம்பித்தார், ஜார்ஜினாவிடம் வந்து சேர்ந்தார். ஹெலிகாப்டர், பேருந்து, விமானம் என்று தன்னைச் சுற்றி வந்திறங்கிய புது உலகத்தைப் பளீரென்ற வண்ணங்களில் 2003இல் இறக்கும்வரை தீட்டிக்கொண்டே இருந்தார்.