மூன்று லட்சம் மேற்கோள்கள் பெற்ற நீல நிறம்

[திரையில்: வரிசையாகச் சோதனைக் குழாய்கள், இடமிருந்து வலமாக நீலம் அடர்ந்துகொண்டே போகிறது]

இந்தக் குழாய்களில் இருப்பது புரதக் கரைசல். புரதம் கூடக் கூட நீலமும் அடர்கிறது. உயிர்வேதியியல் படித்தவர்கள் செய்முறை வகுப்பில் வியர்க்க வியர்க்கச் செய்து பார்த்த லௌரி முறைதான் இது. முதலில் காரத்தன்மையுள்ள தாமிரக் கரைசலைச் சேர்த்துப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு நீல நிறத்தைத் தரும் ஃபோலின் வினைப்பொருளை ஊற்றியவுடனே குழாயைக் கலக்கிவிட வேண்டும். காரக் கரைசலில் அந்த வினைப்பொருள் வெகுநேரம் தாங்காது என்பதால், இந்த இடத்தில் கை தாமதித்தால் அளவீடு தவறிவிடும். அரை மணி நேரம் கழித்து நீலத்தின் அடர்த்தியை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் அளந்து, அளவு தெரிந்த புரதக் கரைசலின் நிறத்தோடு ஒப்பிட்டால், மாதிரியில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இந்த முறையை விளக்கும் கட்டுரை 1951-ஆம் ஆண்டு 'ஜர்னல் ஆஃப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரி' என்ற ஆய்விதழில் வெளிவந்தது. முதல் ஆசிரியர் ஆலிவர் லௌரி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறைக்குத் தலைவராக இருந்தவர். 2014-இல் 'நேச்சர்' இதழ், அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளைப் பட்டியலிட்டபோது, 3,05,148 மேற்கோள்களுடன் முதலிடத்தில் நின்றது இதுவே.

[திரையில்: ஒரு கட்டுரையின் கடைசிப் பக்கம், துணைநூற்பட்டியலில் ஒரு வரி மட்டும் ஒளிர்கிறது]

ஓர் ஆய்வாளர் தம் கட்டுரையின் இறுதியில், தாம் பயன்படுத்திய முந்தைய ஆய்வுகளைப் பட்டியலிடுவார். அந்தப் பட்டியலில் வரும் ஒவ்வொரு பதிவும் அந்த முந்தைய கட்டுரைக்கு ஒரு மேற்கோளாகக் கணக்காகிறது. இவற்றைத் தொகுத்து, யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று தேடிப் பார்க்கும் வசதியை 1964-இல் 'சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' வழியாக ஏற்படுத்தித் தந்தவர் யூஜீன் கார்ஃபீல்ட்.

அப்படியானால் லௌரியின் கட்டுரைதான் உயிர்மருத்துவத்தின் மகத்தான கண்டுபிடிப்பா? லௌரியே அப்படி நினைக்கவில்லை. அது பெரிய கட்டுரை ஒன்றுமில்லை என்று தமக்குத் தெரியும் என்றும், ஆனாலும் அதற்குக் கிடைக்கும் வரவேற்பு உள்ளூர மகிழ்ச்சி தருகிறது என்றும் 1977-இல் எழுதினார். இந்த ஒப்புதல் எனக்கு மிகவும் பிடிக்கும். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை 1953-இல் அறிவித்த கட்டுரையோ, 2014-இன் அந்த நூறு கட்டுரைகளில் ஒன்றாகக்கூட வரவில்லை. நூறாவது இடத்துக்கே 12,119 மேற்கோள்கள் தேவைப்பட்டன. புரதத்தை அளந்த ஒவ்வொரு ஆய்வகமும் எந்த முறையில் அளந்தது என்று எழுதியே ஆக வேண்டும் என்பதால், ஒவ்வொரு முறையும் லௌரியின் கணக்கில் ஒன்று கூடியது. இரட்டைச் சுருளோ பாடப்புத்தகத்துக்குள் போய்விட்ட உண்மை. பூமி உருண்டை என்பதற்கு எவரும் சான்று தேடாததுபோல, அதற்கும் இன்று பெரும்பாலானோர் சான்று காட்டுவதில்லை.

ஒரே கட்டுரையின் பெரும் எண்ணிக்கை ஆய்வாளரின் முழுப் பணியைக் காட்டாது என்பதால்தான் 2005-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் எச்-இண்டெக்ஸ் என்ற அளவை முன்வைத்தார். ஒருவருடைய எத்தனை கட்டுரைகளுக்குக் குறைந்தது அத்தனை மேற்கோள்கள் கிடைத்திருக்கின்றனவோ, அந்த எண்தான் அது. ஒருவருடைய ஏழு கட்டுரைகளுக்கு முறையே 120, 45, 12, 6, 5, 3, 1 என மேற்கோள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

[திரையில்: ஏழு எண்கள் வரிசையாக, ஐந்தாவதன் கீழே கோடு]

ஐந்து கட்டுரைகளுக்கு ஐந்தோ அதற்கு மேலோ இருக்கின்றன, ஆறாவதற்கு மூன்றுதான். ஆகவே அவருடைய எச்-இண்டெக்ஸ் 5. லௌரி அந்த ஒரு கட்டுரையை மட்டும் எழுதியிருந்தால், மூன்று லட்சம் மேற்கோள்களோடு அவருடைய எச்-இண்டெக்ஸ் வெறும் 1 ஆகியிருக்கும். இந்த அளவிலும் ஓட்டைகள் உண்டு: வயது ஏறும்போது தானாக ஏறுமே தவிர ஒருபோதும் இறங்காது, ஆய்வாளர்கள் நிறைந்த துறையில் எளிதாக உயரும், கூகுள் ஸ்காலர் என்ற தேடுதளம் ஆய்வேடுகளையும் சேர்த்து எண்ணுவதால், அதே நபருக்கு வெப் ஆஃப் சயன்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் காட்டுவதைவிடப் பெரும்பாலும் கூடுதலாகக் காட்டும்.

எனவே உயிர்மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் வெளியீட்டுப் பட்டியலைப் பார்க்கும்போது, மொத்த எண்ணிக்கைக்குப் போகுமுன் பெயர்களின் வரிசையைப் பாருங்கள். இந்தத் துறையில் பொதுவாக ஆய்வகத்தில் நின்று வேலை செய்தவர் முதலில் வருவார். ஆய்வகத்தை நடத்துபவர் கடைசியில் வருவார். இடையில் இருப்பவர்களின் பங்கு பெரிதாகவும் இருக்கலாம், சிறிதாகவும் இருக்கலாம்.

[திரையில்: 1951 கட்டுரையின் தலைப்புப் பகுதி, நான்கு பெயர்கள்]

1951-இன் இந்தக் கட்டுரையில் லௌரிக்குப் பின்னால் ரோஸ்பிரோ, ஃபார், ராண்டல் என மூன்று பெயர்கள் உள்ளன. தரவுத்தளத்தில் அந்த மூன்று லட்சமும் அவர்கள் கணக்கிலும்தான் ஏறுகிறது. மாணவர்களின் செய்முறைக் குறிப்பேட்டில் மட்டும் அவர்கள் இன்றும் 'லௌரியும் பிறரும்' என்பதிலுள்ள பிறர்.