கீழ ஐ இருந்தா ஏன் இணை எண்ணால பெருக்கணும்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி, கலப்பெண்கள வகுக்கறதப் பத்தி, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு மாணவி கேட்டது. (ஐ-ங்கறது i, ஸ்கொயர் பண்ணா −1 வர்ற கற்பனை எண்.) "மேல 2 + 3ஐ, கீழ 1 − 2ஐ. இதுல நீங்க மேலயும் கீழயும் 1 + 2ஐ போட்டுப் பெருக்கினீங்க சார். ஏன் குறிய மாத்தணும்? அதே 1 − 2ஐ போட்டா என்ன? இல்ல, வெறும் ஐ போட்டா ஆகாதா?"

ரொம்ப நல்ல கேள்விம்மா. முறைய மனப்பாடம் பண்ணிட்டுப் போகாம ஏன்னு கேட்டீங்க பாருங்க, அதுதான் வேணும்.

பெருக்கலாம், தப்பே இல்ல. மேலயும் கீழயும் ஒரே எண்ணால பெருக்கினா மதிப்பு மாறாது. ஆனா நம்ம வேலை, அதாவது கீழ இருக்கற ஐ-ய ஒழிக்கறது, முடியுமா? போட்டே பாத்துடுவோம். 1 − 2ஐ இன்டு 1 − 2ஐ. முதல்ல 1. அப்புறம் −2ஐ, இன்னொரு −2ஐ. கடைசியா 4 ஐ ஸ்கொயர், ஐ ஸ்கொயர் −1, அதனால −4. மொத்தம் −3 − 4ஐ. ஐ இன்னும் கீழயேதான் இருக்கு. நடுவுல வந்த ரெண்டுக்கும் ஒரே குறி, அடிபடாம கூடிடுச்சு.

வெறும் ஐ போட்டா? கீழ 2 + ஐ வரும். அதுவும் போகல. 4 பை 3ஐ மாதிரி ஐ தனியா நின்னா மட்டும் அந்த வழி போதும்: 4ஐ பை −3, அதாவது −4ஐ பை 3. பக்கத்துல ஒரு மெய்யெண் இருந்தா உதவாது.

இப்போ 1 − 2ஐ-யோட இணை எண், அதாவது ஐ-க்கு முன்னாடி இருக்கற குறிய மட்டும் மாத்தின 1 + 2ஐ போடுங்க. நடுவுல +2ஐ, −2ஐ, ரெண்டும் அடிபட்டுப் போச்சு. மிச்சம் 1 − 4 ஐ ஸ்கொயர். இங்க கொஞ்சம் நில்லுங்க. நிறைய பேர் ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயர்னு போட்டு, 1 − 4, −3ன்னு எழுதிடறாங்க. முறையெல்லாம் சரியா செஞ்சிட்டு இந்த ஒரு இடத்துல மார்க் போறதப் பாத்தா எனக்கு மனசே ஆறாது. பி-ங்கறது 2 இல்லம்மா, 2ஐ. அத ஸ்கொயர் பண்ணா −4. 1 மைனஸ் −4, அதாவது 5. இணை எண்ணால பெருக்கினா கீழ எப்பவும் ரெண்டு ஸ்கொயரோட கூட்டல்தான் வரும். மைனஸ் வந்துச்சுன்னா அங்கயே நிறுத்தித் திரும்பப் பாருங்க.

மேல 2 + 4ஐ + 3ஐ − 6, அதாவது −4 + 7ஐ. விடை −4/5 + 7/5 ஐ. மெய்ப்பகுதியையும் கற்பனைப்பகுதியையும் இப்படிப் பிரிச்சே எழுதுங்க. சரிபாக்கணும்னா, விடைய 1 − 2ஐ-யோட பெருக்குங்க, 2 + 3ஐ திரும்ப வரணும்.

இதோட சேத்து இன்னொன்னு. 1 + ஐ பை 1 − ஐ, ஹோல் பவர் 10னு கேட்டா, பவர விரிக்கவே போகாதீங்க. முதல்ல உள்ள இருக்கற பின்னத்த சுருக்குங்க. 1 + ஐ-யால மேலயும் கீழயும் பெருக்கினா மேல 2ஐ, கீழ 2, ஆக வெறும் ஐ. ஐ பவர் 4 ஒன்னு, அதனால பவர் 8-உம் ஒன்னு. மிச்சம் ஐ ஸ்கொயர். விடை −1.