யாருடைய சௌகரியம் கடைசி?

மன்னார்குடியில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

ராணுவத் தலைமை என்றதும் நம் ஊரில் பலருக்கு அதட்டல்தான் நினைவுக்கு வருகிறது. கொஞ்சம் குரல் உயர்த்துகிற மேஸ்திரியைக்கூட மிலிட்டரிக்காரர் என்கிறோம். கண்டிப்பு அங்கே உண்டுதான். ஆனால் அதிகாரியாகப் போகிற பிள்ளைக்கு முதலில் சொல்லித்தருவது என்ன தெரியுமா? 1932இல் டேராடூன் ராணுவ அகாடமியைத் தொடங்கிவைத்த அன்றைய தலைமைத் தளபதி செட்வுட் அதைச் சொன்னார். நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் முதலில். உன்கீழ் இருக்கும் வீரர்களின் மானமும் நலனும் வசதியும் அடுத்து. உன் சுகமும் பாதுகாப்பும் எப்போதும் கடைசி. இன்றும் அந்த அகாடமிக்கு இதுதான் வழிகாட்டும் வாசகம்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? தலைமடைக்காரர் மனசு வைத்தால்தான் தலைஞாயிறு பக்கத்துக் கடைமடை வயல் நனையும். ஆனால் நம் கடைகளில், அலுவலகங்களில் என்ன நடக்கிறது? வியாபாரம் படுத்தால் முதல் வெட்டு வேலையாள் சம்பளத்தில்தான் விழுகிறது. முதலாளியின் கார் அப்படியே நிற்கிறது. இது எனக்கு ஒப்பவில்லை.

அடுத்தது, உத்தரவு. ராணுவத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதோடு எதற்காக என்பதையும் சொல்வார்கள். நிலைமை மாறினால் களத்தில் இருப்பவர் தானே யோசித்து முடிவெடுக்க வேண்டுமே! 'நாளைக்கு யூரியா போட்டுடு' என்று ஆளிடம் சொல்லிவிட்டுத் தஞ்சாவூர் போகிறீர்கள். காலையில் வானம் கறுத்து நிற்கிறது. சொன்னதைச் செய்துவிடுவார், மழையில் உரம் வாய்க்காலோடு போகும். 'தூர் கட்டுகிற நேரம், உரம் வயலில் நிற்கணும்' என்றும் சொல்லியிருந்தால் அவரே ஒரு நாள் தள்ளிப்போட்டிருப்பார்.

மேலே இருப்பவரிடம் உண்மையைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். 1971 ஏப்ரலில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து, அதாவது இன்றைய வங்கதேசத்திலிருந்து, அகதிகள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். படையை உடனே அனுப்ப வேண்டும் என்று பிரதமர் இந்திரா காந்தியின் அமைச்சரவைக் கூட்டத்தில் பேச்சு. தளபதி மானெக்‌ஷா இப்போது முடியாது என்றார். மழை வந்தால் அங்கே ஆறுகள் கடலாகிவிடும், மலைக் கணவாய்களில் பனி விலகினால் சீனா வரலாம், வடக்கே அறுவடை நேரம், படைக்கு ரயிலைக் கொடுத்தால் தானியம் நகராது என்று காரணங்களை அடுக்கினார். பதவி விலகவும் தயார் என்றார். பின்னாளில் அவரே மேடைகளில் சொன்னது இது. தானியம் நகராவிட்டால் என்ன பாடு என்று, கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக்கிடந்த உங்களுக்குத் தெரியும். பிரதமர் அவகாசம் கொடுத்தார். டிசம்பர் 3இல் போர் மூண்டது, 16இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரண். சுமார் 93,000 பேர் கைதானார்கள். முடியாது என்று சொன்னவரை எவ்வளவு மதிக்கிறேனோ, அதைக் காதுகொடுத்துக் கேட்டவரையும் அவ்வளவு மதிக்கிறேன்.

அப்படிக் கேட்பதற்கென்றே படைப்பிரிவுகளில் சைனிக் சம்மேளன் என்று ஒரு கூட்டம் உண்டு. கமாண்டிங் ஆபீசர் முன்னால் ஜவான் எழுந்து தன் குறையைச் சொல்லலாம். பத்துப் பேர் வேலை பார்க்கிற ரைஸ் மில்லிலும் ஜவுளிக்கடையிலும் மாதம் ஒரு முறை இதைச் செய்யலாம். முதலாளிகளே, அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கடை அடைத்த பிறகு வேண்டாம், பாவம், அவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வேலை நேரத்திலேயே வையுங்கள். முதலில் அவர்கள் பேசட்டும்.